இடது பக்கம் வந்த பந்து

அத்தியாயம் பதினான்கு

வெள்ளிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு ஸ்டோயன் சைக்கிளை வெளியே எடுத்தார். வலது முழங்கால் மடங்க மறுத்தது. பெடலின் மேல் காலை வைத்துக்கொண்டு, அது இளகும்வரை சுவரைப் பிடித்தபடி நின்றார். மழைக்காலத்தில் அதற்கு ஐந்து நிமிஷமாவது பிடிக்கும்.

முதல் வாரத்திலிருந்து கூட வருகிறவர்களுக்கு அந்த முழங்காலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இந்த வாரம்தான் இதழைக் கையில் எடுத்தவர்களுக்காகக் கொஞ்சம்.

ஸ்டோயன் பல்கேரியா தேசத்து வார்னா துறைமுகத்தில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் ஊர் கிளப்புக்குக் கால்பந்து ஆடினார். தேசத்து டீமுக்கு ஒருமுறை பெயர் அடிபட்டது, களத்தில் இறங்கவில்லை. பிழைப்புக்காகக் கப்பலில் கரி அள்ளப் போனார். 1940-இல் சென்னைத் துறைமுகத்தில் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்தார். கப்பல் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. அங்கே நர்ஸ் வேலை பழகிக்கொண்டிருந்த ராயபுரத்துப் பெண்தான் ஃப்ளோரன்ஸ்.

கால் தேறித் துறைமுக டீமுக்கு ஒரு சீசன்கூட முழுதாக ஆடவில்லை. யுத்தத்தில் பல்கேரியா வெள்ளைக்காரர்களுக்கு எதிரிப் பக்கம் சேர்ந்தது. போலீஸ் வந்து டேராடூன் முகாமுக்கு ரயிலேற்றியது. ஐந்து வருஷம். முள்வேலிக்குள் ஜெர்மன்காரர்களும் இத்தாலிக்காரர்களும் பந்து உதைத்தார்கள். அவர்களை டீமாகப் பிரித்து நிறுத்தி ஆடச் சொல்லிக்கொடுத்தவர் இவர். ஆட்டக்காரர் மாஸ்டரானது அங்கேதான்.

விடுதலையானதும் நேரே ராயபுரம் வந்தார். ஃப்ளோரன்ஸ் காத்திருந்தாள், கல்யாணம் நடந்தது. திருவொற்றியூர்ச் சங்கிலிக் கம்பெனி டீமில் இரண்டு வருஷம் ஆடினார், முழங்கால் போனது. அன்றிலிருந்து அதே டீமுக்கு மாஸ்டர். தெருவில் எல்லாருக்கும் அவர் இஸ்டோயன் மாஸ்டர்.

காத்திருந்த அந்த ஐந்து வருஷமும், முகாமிலிருந்து வந்த கடிதங்களை அப்பாவுக்குத் தெரியாமல் அக்கா கையில் சேர்த்தவன் ஒருவன் உண்டு. அவள் தம்பி பாஸ்கல். இப்போது முப்பத்து மூன்று வயது, மனைவி ஐரீன். கம்பெனி டீமின் கோல்கீப்பர், தெருப்பேச்சில் கோலி.

போன செவ்வாய்க்கிழமை கொருக்குப்பேட்டை ரயில்வே யார்டு டீமோடு நடந்த ஆட்டத்தில் பாஸ்கல் இரண்டு கோல் விட்டான். இரண்டும் இடது பக்கம் வந்த பந்துகள். குழந்தைகூடத் தடுத்துவிடும். தூக்கமா, குடியா என்று வேலியோரம் நின்றவர்கள் கேட்டார்கள். ஸ்டோயன் எதுவும் கேட்கவில்லை. வியாழன் சாயங்காலம் மட்டும், "மச்சான், நாளைக்கு ஆறு மணிக்கு கிரவுண்டுக்கு வா. தனியா" என்று சொல்லி அனுப்பினார்.

இன்று மூன்று மணிக்குள் அடுத்த வருஷத்து டீம் பட்டியல் ஆபீஸ் மேஜைக்குப் போக வேண்டும். பதினாலு பெயர். ஆட்டக்காரர்கள் எல்லோரும் கம்பெனியில் தற்காலிக ஆட்கள். பட்டியலில் பெயர் இருந்தால் இன்னும் ஒரு வருஷம் வேலை. இல்லாவிட்டால் டிசம்பரோடு சரி.

பதின்மூன்று பெயரை ஸ்டோயன் நேற்றே எழுதிவிட்டார்.

*

கம்பெனி மைதானத்தில் பாதி இடம் தண்ணீராக இருந்தது. தெற்குக் கோல் போஸ்டின் அடியில் மட்டும் மணல் தெரிந்தது. பாஸ்கல் முன்னாலேயே வந்து கம்பத்தில் சாய்ந்து நின்றான்.

"இன்னா மாமா, ஃபஸ்ட் மணி சங்குகூட ஊதல. அதுக்குள்ள எழுப்பிட்ட?"

"நில்லு. பந்து உதைக்கிறேன்."

"உன் காலு தாங்குமா?"

"நில்லு."

தோல் பந்து ஈரத்தில் ஊறிக் கனத்துக் கிடந்தது. ஸ்டோயன் இடது காலால் உதைத்தார். நேராக ஒன்று. பாஸ்கல் பிடித்தான். வலது பக்கம் ஒன்று, தாழ்வாக. விழுந்து பிடித்தான். இன்னொன்று, உயரமாக. விரல் நுனியால் தட்டிவிட்டான். முப்பத்து மூன்று வயதிலும் அந்தக் கைகள் அழகான கைகள். ஸ்டோயன் பதினாறு வருஷத்துக்கு முன்னால் துறைமுக மணலில் நின்று, ஒவ்வொரு விரலாகப் பிடித்துச் சொல்லிக்கொடுத்த கைகள்.

பிறகு அவனுக்கு இடது பக்கம் உதைத்தார்.

பந்து கிளம்புவதற்கு முன்னாலேயே பாஸ்கல் தலையை இடது பக்கம் திருப்பிவிட்டான், கோழி ஒரு கண்ணால் பார்க்குமே அந்த மாதிரி. பிடித்தான், ஆனால் தாமதமாக. அடுத்ததையும் அப்படியே.

"தலையத் திருப்பாத. என்னப் பாரு" என்றார் ஸ்டோயன்.

"உன்னத்தான் பாத்துகினு கீறேன்."

ஸ்டோயன் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அவனுக்கு இடது பக்கமாக நடந்து வந்தார். பத்தடி தூரத்தில் நின்று, குழந்தைக்குப் போடுகிற மாதிரி மெதுவாகக் கையால் எறிந்தார்.

பந்து பாஸ்கலின் இடது காதில் பட்டுக் கீழே விழுந்தது. அவன் கை அசையவே இல்லை.

பாஸ்கல் சிரிக்கப் பார்த்தான். அப்புறம் கோல் கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். ஈர மணல் கால்சட்டையில் ஏறியதை அவன் கவனிக்கவில்லை.

"எப்பலேந்து?"

"தீவாளிக்கு மறு வாரம்."

"செயின் ஷாப்பா?"

பாஸ்கல் தலையாட்டினான். "வளையத்த அடிச்சிகினு இருந்தோம். பொறி ஒண்ணு தெறிச்சிது. துணுக்கு உள்ள பூட்ச்சி. தண்டையார்பேட்டைல ஒரு கம்பவுண்டர் எடுத்துட்டு மருந்து வுட்டான். சரியாப் பூடும்னான். மொதல்ல மங்கலாத் தெரிஞ்சிது. இப்ப வெளிச்சம் மட்டும் தெரியுது."

ஸ்டோயனுக்கு அந்த நாள் நினைவிருந்தது. பயிற்சிக்கு ஆட்களைக் கூப்பிட அவர், சங்கிலி அடிக்கும் பட்டறையான செயின் ஷாப் வாசலுக்குப் போயிருந்தார். பாஸ்கல் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு சுவர் ஓரம் குனிந்து நின்றான். இன்னாடா என்று கேட்டதற்குத் தூசி என்றான். இவரும் தூசி என்று நம்பி, சீக்கிரம் வா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா இன்னா ஆவும்? மேஸ்திரி அப்பவே சொல்ட்டான். வெளிய தெரிஞ்சா கண்ணாடி போடாம வேல செஞ்சேன்னு உன் மேலயே எழுதுவாங்க, தற்காலிக ஆளு, அன்னிக்கே கணக்கு முடிச்சிருவாங்கன்னு. கண்ணாடி குடுத்தாத்தானே போடறதுக்கு?" பாஸ்கல் மணலைக் கிளறினான். "மாமா, ஒரே ஒரு வருசம். பேர எழுதிரு. ஐரீனுக்கு ஏழு மாசம். அஞ்சு வருசம் கழிச்சி இப்பத்தான் நின்னுகீது. இந்த நேரத்துல நான் வூட்ல ஒக்காந்தா அவ தாங்க மாட்டா."

"நீ கோல்ல நின்னா இன்னொரு கண்ணும் போவும். ஒருத்தன் ஓடி வந்து காலத் தூக்குவான். ஒனக்குத் தெரியாது."

"அத்த நான் பாத்துக்கிறேன்."

"பாக்க முடியாது மச்சான். அதுதான் சங்கதி."

இதைக் கடுமையாகச் சொல்லவில்லை. களைப்பாகத்தான் சொன்னார். பிறகு அவனுக்குக் கை கொடுத்துத் தூக்கினார். தூக்கும்போது முழங்கால் வலித்தது.

"எனக்கு முட்டி போனது எப்டின்னு தெரியுமா? ஒரே நாள்ல போவல. ஆறு மாசம் மறைச்சேன். துணி சுத்திகினு ஆடினேன். அன்னிக்கே சொல்லியிருந்தா இன்னிக்கு மாடிப்படி ஏறுவேன்."

"நீ மறைச்ச. ஒன்ன யாரும் கேக்கல. என்ன மட்டும் ஏன் கேக்கற?"

கம்பெனியின் முதல் சங்கு ஊதியது. பாஸ்கல் மணலைத் தட்டிக்கொண்டு கேட் பக்கம் நடந்தான். வழியில் தேங்கியிருந்த தண்ணீரைச் சுற்றிப் போகும்போது, இடது காலை மட்டும் தண்ணீருக்குள் வைத்தான்.

*

வீட்டுக்கு வந்தபோது ஃப்ளோரன்ஸ் இரவு டூட்டி முடித்துத் திரும்பியிருந்தாள். அவள் பிரசவ விடுதியில் நர்ஸ். புடவைகூட மாற்றாமல், காப்பித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

"ராத்திரி நாலு குழந்தைங்க" என்றாள், கண்ணைத் திறக்காமலே. "ஒண்ணு தலைகீழா வந்துச்சு. நல்லபடியா ஆச்சு. நீங்க இன்னா இவ்ளோ சீக்கிரம் போய்ட்டீங்க?"

ஸ்டோயன் சொன்னார். அவருடைய தமிழ், துறைமுகத்துக் கூலியாட்களிடமும் மைதானத்திலும் கற்ற தமிழ். நல்ல செய்தி, கெட்ட செய்தி இரண்டையும் ஒரே மாதிரி சொல்லிவிடும். சொல்லி முடித்தபோது ஃப்ளோரன்ஸ் தம்ளரைக் கீழே வைத்திருந்தாள்.

"ஒரு மாசமாச்சு. நான் நர்ஸு. எங்கிட்ட வந்து காட்டல."

"பயம்."

"எந்தக் கண்ணு?"

"எடது."

அவள் எழுந்து முகம் கழுவிவிட்டு வந்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்து முடிந்த பிறகும் துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை. துண்டுக்குள்ளிருந்தே, "பேர எழுதுங்க" என்றாள்.

"ஃப்ளோரா..."

"எழுதுங்க. ரெண்டாவது கோலியாப் போடுங்க. அந்த மீனவக் குப்பத்துப் பையன் குமாரவேலு இருக்கான்ல, அவன எறக்குங்க. எந்தம்பி சும்மா ஓரமா ஒக்காந்துகினு இருக்கட்டும்."

"பதினாலு பேருதான், ஒரு எடம்தான் பாக்கி. ஒருத்தன எடுத்துட்டு ரெண்டு பேரையும் போட்டாலும், ஒரு நாளு குமாரவேலுக்குக் காய்ச்சல் வரும். அன்னிக்கு இவன் எறங்கணும். எறங்குவான். மாட்டேன்னு சொல்ல மாட்டான்."

"அது அன்னிக்குப் பாக்கலாம். குழந்தை பொறக்கட்டும். அதுக்கப்புறம் பாக்கலாம்." துண்டை எடுத்தாள். கண் சிவந்திருந்தது, அழுததா தூக்கமில்லாததா என்று தெரியவில்லை. "நமக்குத்தான் ஒண்ணும் இல்ல. அவன் வூட்லயாவது ஒரு சத்தம் கேக்கணும்னு நான் மாதா கோயில்ல எத்தன மெழுகுவத்தி ஏத்தினேன்னு உங்களுக்குத் தெரியாது. அப்பா கையில பெல்ட்டால அடி வாங்கிகினு உங்க காயிதத்த எங்கிட்ட குடுத்தவன் அவன். சட்டைக்குள்ள ஒளிச்சிகினு வருவான். வேர்வையில எழுத்து அழிஞ்சிருக்கும். அத்த மறந்துட்டு அந்தப் பட்டியல எழுதாதீங்க."

"மறக்கல."

"அப்ப எழுதுங்க."

அவள் உள்ளே போய்ப் படுத்தாள். கட்டிலில் இரண்டு முறை புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. பதினாலு மணி நேரம் நின்ற கால்கள். கோபத்தைவிடத் தூக்கம் பெரிதாக இருந்தது.

ஸ்டோயன் மேஜையில் பட்டியலைப் பிரித்து வைத்து உட்கார்ந்தார். பதினாலாவது எண்ணுக்குப் பக்கத்தில் வெறுமையாக இருந்தது. பதினோரு மணிவரை அப்படியே இருந்தது. பிறகு, குமாரவேல் என்று எழுதினார்.

*

லேபர் ஆபீசர் ரகுபதி நல்ல மனிதர். அதை அவரே அடிக்கடி மறந்துபோகும்படியான வேலை. மூன்று மணிக்கு ஸ்டோயன் நீட்டிய தாளை வாங்கி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

"பாஸ்கல் பேர் இல்லையே. உங்க மச்சினர்தானே?"

"அவன் ஆட முடியாது. எடது கண்ணு போச்சு."

"அடடா. எப்படி?"

"இங்க. செயின் ஷாப்ல. பொறி தெறிச்சிது. கண்ணாடி குடுக்கல. அவனுக்கு வேற வேல வேணும். கேட்டுல, இல்ல டைம் ஆபீஸ்ல. இங்க போன கண்ணுக்கு இங்கயே வேல."

ரகுபதி எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். உட்காரவில்லை. ஜன்னலுக்கு வெளியே, மழையில் துருவேறிக் கிடந்த நங்கூரச் சங்கிலிக் குவியலைப் பார்த்தபடி பேசினார்.

"மிஸ்டர் ஸ்டோயன், இதை வாயால சொன்னா நான் கேக்கலைன்னு வெச்சுக்கறேன். எழுதிக் குடுத்தா கேட்டதா ஆயிடும். கேட்டதா ஆயிட்டா மேல அனுப்பணும். மேல இருக்கறவர் இந்த வருஷம் ஏற்கெனவே ரெண்டு கேஸ்ல மாட்டிக்கிட்டிருக்கார்."

"எழுதறேன். காயிதம் குடு."

"அவசரப்படாதீங்க." ரகுபதி மேஜைக்குத் திரும்பி ஒரு டிராயரைத் திறந்தார். உள்ளே கம்பெனி முத்திரையிட்ட ஒரு கடிதம் இருந்தது. வெளியே எடுக்காமல் விரலால் தொட்டு மட்டும் காட்டினார். "இது உங்க லெட்டர். வருஷா வருஷம் கம்பெனி குடுக்கறது. இவர் எங்க ஆள், இவருக்கு நாங்க ஜவாப்தாரின்னு. முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள இது போலீஸ் ஆபீசுக்குப் போனாத்தான் நீங்க அடுத்த வருஷம் இந்த ஊர்ல இருக்கலாம். இன்னும் மேல இருக்கற பெரியவர் கையெழுத்து ஆகலை."

ஸ்டோயனுக்கு அது தெரியும். அவரிடமிருந்த பாஸ்போர்ட், இப்போது இல்லாத ஒரு ராஜாவின் அரசாங்கம் கொடுத்தது. புதிய அரசாங்கத்துக்கு இரண்டு முறை எழுதினார், பதில் வரவில்லை. பத்து வருஷமாக அவர் ராயபுரத்தில் இருப்பதற்கு ஆதாரம் ஒரு கல்யாணச் சான்றிதழும் அந்த டிராயர்க் கடிதமும்தான்.

"நான் மிரட்டறேன்னு நினைக்காதீங்க" என்றார் ரகுபதி. "எனக்கு அப்படிப் பேச வராது. நாளைக்கு நடக்கப்போறதை இன்னிக்கே சொல்றேன். அவ்வளவுதான்."

"தெரியும். நீ நல்ல ஆளு."

"பட்டியலை மட்டும் வெச்சுட்டுப் போங்க. கண்ணு விஷயம் உங்க வீட்டு விஷயமா இருக்கட்டும்."

ஸ்டோயன் நின்றார். முழங்கால் வலித்ததால் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு அவருக்கு வீரம் எதுவும் வரவில்லை. படுத்தால் போதும் என்றுதான் இருந்தது. ஆனால் செயின் ஷாப் வாசலில், தூசி என்று நம்பி, சீக்கிரம் வா என்று சொல்லிவிட்டுத் திரும்பிய அந்த நிமிஷம் மட்டும் மனதில் குத்திக்கொண்டே இருந்தது.

"காயிதம்" என்றார்.

ஆறு வரி இங்கிலீஷ் எழுத அவருக்கு முக்கால் மணி நேரம் ஆனது. இன்ன தேதியில், இன்ன இடத்தில், பாஸ்கல் முகத்தை மூடிக்கொண்டு நின்றதை நான் கண்ணால் கண்டேன். கீழே கையெழுத்து. ரகுபதி அதை இரண்டு முறை படித்தார். ஒரு எழுத்துப் பிழையைப் பென்சிலால் திருத்தினார். அதற்கப்புறம் கதவைத் திறந்துவிட்டார்.

*

திரும்பும் வழியில் தண்டையார்பேட்டை ஜஹாங்கீர் டீக்கடை முன்னால் ஸ்டோயன் இறங்கினார். வழக்கமாக இறங்குகிற இடம். கடை ரேடியோவைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். அவர் சைக்கிளை நிறுத்தியதும் பேச்சு நின்றது.

மெல்போர்னில் ஒலிம்பிக்ஸ். கால்பந்தில் மூன்றாம் இடத்துக்கு இந்தியாவும் பல்கேரியாவும் மோதுகிற நாள் இன்றுதான் என்று ஒரு வாரமாக அந்தக் கடையில் பேசிப் பேசி, அவரை வம்புக்கிழுத்து, சிரித்திருக்கிறார்கள். காலையிலிருந்து ஸ்டோயனுக்கு அது நினைவே வரவில்லை.

"மாஸ்டர்" என்றார் ஜஹாங்கீர், டீயை ஆற்றிக்கொண்டே. "உங்காளுங்க மூணு. நம்மாளுங்க சைபர்."

"அப்டியா?"

"இப்பத்தான் சொன்னான் நியூஸ்ல."

எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். ஸ்டோயன் டீயை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். இவர் ஊரை விட்டுக் கிளம்பியபோது அந்த ஆட்டக்காரர்களில் பாதிப் பேருக்குச் சரியாக ஓடக்கூட வந்திருக்காது. அவர்களில் ஒருவர் பெயரும் தெரியாது. சந்தோஷம் எங்காவது இருக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தார். கொஞ்சம் இருந்தது. அதை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

"கோலு எந்தப் பக்கத்துலேந்து போட்டாங்க?" என்று கேட்டார்.

"அத்தெல்லாம் எங்க சொல்றான். மூணு சைபருன்னான். அப்பால அரிசி வெல சொல்லப் பூட்டான்."

யாரோ லேசாகச் சிரித்தார்கள். கிண்டல் செய்யலாம் என்று காத்திருந்தவர்கள், அவர் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டதைப் பார்த்துக் கிண்டல் செய்யவில்லை. "ஒடம்பு சரியில்லயா மாஸ்டர்?" என்று ஒருவர் கேட்டார். ஸ்டோயன் முழங்காலைத் தட்டிக் காட்டினார். எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பதில் போதுமாக இருந்தது.

*

கோயில் மணி ஆறு அடித்து ஓய்ந்தபோது ஃப்ளோரன்ஸ் மீன் குழம்பை இறக்கிக்கொண்டிருந்தாள். ஸ்டோயன் பின்கட்டில் ஒரு தகர வாளியில் வெந்நீரும் உப்பும் போட்டு, காலை உள்ளே விட்டபடி, மதியம் நடந்ததைச் சொன்னார். எழுதாத பெயரை முதலில் சொன்னார். எழுதிக் கொடுத்த காகிதத்தை அப்புறம் சொன்னார். டிராயரில் இருந்த கடிதத்தைக் கடைசியாகச் சொன்னார்.

ஃப்ளோரன்ஸ் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. கையில் பிடித்தபடியே வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"நீ தூங்கின."

"எழுப்பியிருக்கலாம்."

"எழுப்பியிருந்தா எழுத வுட்டிருக்க மாட்ட."

அது உண்மை. "போன தடவ உங்கள ஏத்திகினு போனப்ப எனக்கு இருபத்திரெண்டு வயசு" என்றாள். "அஞ்சு வருசம் நின்னேன். இப்ப நிக்கறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல. அத்த மட்டும் தெரிஞ்சிக்குங்க."

ஸ்டோயன் தலை குனிந்து வாளித் தண்ணீரையே பார்த்தார்.

முன்பக்கக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பாஸ்கல். வேலை உடுப்போடு நேராக வந்திருந்தான். கத்துவான் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். அவன் கத்தவில்லை. சுவரில் சாய்ந்து நின்றான்.

"மாமா, நீ எழுதினத நாலரை மணிக்கு எனக்குக் காட்டினாங்க."

"கோவமா மச்சான்?"

"இல்ல. நீ எழுதினதுல பொய் ஒண்ணியும் இல்ல." சட்டைப்பையைத் தடவினான். "பெரியவரே கூப்ட்டாரு. இத்தினி வருசத்துல மொத வாட்டி என்ன ஒக்காரச் சொன்னாரு. வேற ஒரு காயிதம் டைப் அடிச்சி வெச்சிருந்தாங்க. கண்ணு செயின் ஷாப்ல போவல, வூட்ல வெறகு பொளக்கும்போது செராய் பட்டுது, அப்டின்னு. கையெழுத்துப் போட்டா பட்டியல்ல என் பேர சேத்துருவாங்களாம். ஒரு வருசம். ஓரமா ஒக்காந்தா போதுமாம்."

"போட்டா உங்க மாமா எழுதினது பொய்யாயிடும்" என்றாள் ஃப்ளோரன்ஸ் மெதுவாக. "வெளிநாட்டு ஆளு பொய் சாட்சி எழுதினாருன்னு ஆவும். அந்த லெட்டர்ல கையெழுத்து ஆவாது. புரியுதாடா ஒனக்கு?"

"புரியுதுக்கா."

"போடலேன்னா?"

"ஒண்ணாம் தேதிலேந்து வூட்டுல." பாஸ்கல் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்தான். "திங்கக்கெழம வரிக்கும் டைம் குடுத்துகீறாங்க. எனக்கு இங்கிலீஷ் அவ்ளோ வராது. நீ படிச்சிப் பாரு."

அக்கா கையில் கொடுத்தான். கொடுத்த பிறகும் ஒரு கணம் தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தான். அப்புறம் விட்டான்.

"சாப்ட்டுப் போடா. வஞ்சிரம். ஒனக்குத்தான் தல எடுத்து வெச்சிகீறேன்."

"வேணாக்கா. ஐரீன் தனியா கீறா. இன்னிக்குக் காலு ரெண்டும் வீங்கிகீது அவளுக்கு."

"நாளைக்கு மாதா திருநாளு. காலைல பூசைக்குக் கூட்டிகினு வா. அப்டியே நான் பாக்கிறேன். ஒங்கண்ணையும் காட்டு."

"வரேன்" என்றான். போகும்போது ஸ்டோயன் பக்கத்தில் நின்றான். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. குனிந்து வாளித் தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்து, "ஆறிப் பூட்ச்சி மாமா. அக்காவ வேற ஊத்தச் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு வேகமாக வெளியேறினான்.

ஃப்ளோரன்ஸ் விளக்கைப் போட்டாள். தாளைப் பிரித்தாள். டைப் அடித்த வரிகள். கறுப்பாக இல்லை, கொஞ்சம் கலங்கிய நீலம். பிரசவ விடுதியில் டிஸ்சார்ஜ் சீட்டு எழுதி எழுதி அந்த நீலம் அவளுக்குப் பழக்கம். அடியில் கார்பன் வைத்து எடுக்கிற நகல் அப்படித்தான் இருக்கும்.

வரிகளைப் படித்துக்கொண்டே வந்தாள். விறகு, வீடு, என் சொந்த அஜாக்கிரதை. கடைசி வரிக்குக் கீழே, அதே கலங்கிய நீலத்தில், பாஸ்கலின் கையெழுத்து இருந்தது. இன்றைய தேதி இருந்தது. பேனாவால் மேல் தாளில் அழுத்திப் போட்டது, கார்பன் வழியாக இதில் இறங்கியிருந்தது.

மேல் தாள் யாரிடம் இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்கே போட்டுக் கொடுத்துவிட்டான், திங்கட்கிழமைவரை டைம் என்று ஒன்று இல்லவே இல்லை. வாயால் சொல்ல முடியாமல் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

காலையில் இதே வீட்டில், குழந்தை பிறக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொன்னது யார்? தான்தான். அதையேதான் தம்பி செய்திருக்கிறான்.

"இன்னா எழுதிக்கீது?" என்று பின்கட்டிலிருந்து ஸ்டோயன் கேட்டார்.

ஃப்ளோரன்ஸ் தாளை முன்பு இருந்த மடிப்பிலேயே மடித்தாள்.

"வெளிச்சம் பத்தல" என்றாள். "காலையில படிக்கிறேன்."

ஸ்டோயன் திரும்பிப் பார்த்தார். அவள் தலைக்கு நேர் மேலே பல்பு எரிந்துகொண்டிருந்தது. பல்பைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். மறுபடி கேட்கவில்லை. ஆறிப்போன தண்ணீரிலிருந்து காலை மெதுவாக வெளியே எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்.